நாய்க்குட்டிக்கு வயிறு கெட்டால்: கடற்கரை வீடுகளுக்கான தீனித் திருத்தம்

குட்டிக்கு வயிற்றால் போகிறது என்றதும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: காலையில் தயிர்சாதம், மதியம் பாலில் நனைத்த பொறை, சாயங்காலம் மெடிக்கலில் வாங்கிய மனுஷ மாத்திரையில் பாதி, ராத்திரி பட்டினி. மறுநாள் எது கேட்டது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் குட்டி தெம்பாக இருக்கும்வரை 48 மணி நேரம் அதையே பிடித்துக்கொண்டு இருங்கள்.

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, இந்த ராமநாதபுரம் மாவட்டக் கரையில் குட்டிக்கு வயிறு கெடும் காரணங்களும் கொஞ்சம் தனி. கருவாடு காயும் மணல், கரையில் கொட்டிக் கிடக்கும் சங்காயம் (விலைபோகாத கழிவு மீன்), உவர்த் தண்ணீர், வெயிலில் கிடந்த மீன் தலை. “இதுக்கு வயிறே வீக்” என்று முடிவு கட்டும் முன், அது எதை வாயில் வைத்தது என்று வீட்டைச் சுற்றித் தேடுங்கள்.

கீழே சொல்வது 6 வாரம் முதல் 6 மாதம் வரை உள்ள குட்டிகளுக்கு. அளவுகள் எல்லாம் 3 கிலோ குட்டிக்கு. எடைக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். எடை தெரியாவிட்டால் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் ஒரு கூடையோடு வைத்துப் பாருங்கள். மருந்தோ சோறோ, கண்மதிப்பு குட்டிகளிடம் செல்லாது.

தீனியில் கை வைக்கும் முன்

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். விரல் ஒட்டுவதுபோல் ஈறு காய்ந்திருந்தால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது. தோளில் தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனை பெரிய நாய்க்குச் சரி. குட்டிக்குத் தோல் தளர்வாகவே இருப்பதால் அது ஏமாற்றும், ஈறையே நம்புங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் அரை அங்குலம் வைத்தால் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும்.

சூடு 103-ஐத் தாண்டியிருக்கிறது, அல்லது 100-க்குக் கீழே போய்விட்டது, ஈறு வெளுத்திருக்கிறது, ரத்தம் கலந்து தண்ணியாகப் போகிறது, குடித்த தண்ணீர்கூட நிற்காமல் வாந்தியாகிறது, வயிறு கல்லாக உப்பி, குமட்டியும் ஒன்றும் வரவில்லை, கூப்பிட்டால் தலை தூக்கவில்லை, தடுப்பூசி போடாத குட்டி வாந்தி, கழிச்சல் இரண்டோடும் சோர்ந்து கிடக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தீனித் திருத்தம் வேலைக்கு ஆகாது, டாக்டரிடம்தான் போக வேண்டும். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு. ஆனால் குட்டி கையில் தூக்கும் அளவுதானே, கூடையில் வைத்து ஆட்டோவில் பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போவது பெரும்பாலும் அதைவிட வேகம்.

போகும் வழியில் குட்டி துவண்டு, நடுங்கி, கண் செருகினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். கருப்பட்டிப் பாகோ, சர்க்கரைத் தண்ணீரோ விரலில் தொட்டு ஈறில் தேய்த்துவிடுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

வயிறு ஆற்றும் சாதம்

பின்னால் பல இடங்களில் வருவதால் இதை முதலிலேயே சொல்லிவிடலாம். பச்சரிசி ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து பங்கு வைத்து, பருக்கை மசியும்வரை குழைய விடுங்கள். புழுங்கல் அரிசியும் சரிதான், இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக வேக வேண்டும். தோலும் கொழுப்பும் எடுத்த கோழி நெஞ்சுக்கறியைத் தனியாக வேகவைத்து நாராகப் பிய்த்து, எடையில் சாதம் இரண்டு பங்கு, கறி ஒரு பங்கு என்று பிசையுங்கள். உப்பு, மஞ்சள், எண்ணெய், வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம்.

கோழி இல்லாவிட்டால் பாறை, விளைமீன் போன்ற வெள்ளைச் சதை மீனை வேகவைத்து, முள்ளைக் கையால் தடவித் தடவி எடுத்துவிட்டுச் சேர்க்கலாம். சாளை, சூடை, கானாங்கெளுத்தி வேண்டாம். எண்ணெய்ப் பசை கூடுதல், கெட்ட வயிற்றை இன்னும் கிளறும். மீன் சமைக்காத வீட்டில் அவித்த முட்டை வெள்ளைக்கரு போதும்.

அளவு: முதல் நாள் மொத்தம் 200 கிராம், இரண்டாம் நாள் 300, மூன்றாம் நாள் 400. ஐந்தாறு வேளையாகப் பிரித்தால் முதல் நாள் ஒரு வேளைக்கு இரண்டு மேசைக்கரண்டி குவியலாக வரும். பார்க்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும், குட்டி இன்னும் கேட்கும், தட்டை நக்கிக்கொண்டு நிற்கும். கொடுக்காதீர்கள். இந்தச் சாதத்தில் சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை. அதனால் ஐந்து நாளுக்கு மேல் இதிலேயே குட்டியை வளர்க்கவும் கூடாது.

ஒருவேளைக்குச் சமைத்ததை மறுவேளைக்கு வெளியே வைக்காதீர்கள். இந்த வெக்கையில் காலைச் சாதம் மதியத்துக்குள் புளிக்கத் தொடங்கிவிடும். ஃபிரிட்ஜில் வைத்து, கொடுக்கும்போது வெந்நீர் சேர்த்து வெதுவெதுப்பாக்குங்கள்.

மலம் இளகிப் போகிறது, ஆனால் குட்டி துள்ளுகிறது

வயிறு கெடும் குட்டிகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். மலத்துக்கு உருவம் இருக்கும், அள்ளினால் தரையில் ஒட்டும். நாலு காரணங்களை வரிசையாகத் தட்டிப் பாருங்கள்.

முதலாவது அளவு. 3 கிலோ குட்டிக்கு, நாலு மாதம் ஆகும்வரை, ஒரு நாளுக்குச் சுமார் 480 கலோரி தேவை. பாக்கெட் உலர் தீனி 100 கிராமில் பெரும்பாலும் 350 முதல் 400 கலோரி இருக்கும். ஆக நாள் முழுவதற்கும் 120 முதல் 135 கிராம்தான். 200 மில்லி டம்ளர் ஒன்று ஏறக்குறைய 80 கிராம் தீனி கொள்ளும். வேளைக்கொரு டம்ளர் போட்டால் இரண்டு மடங்காகிவிடுகிறது. செரிக்காத மிச்சம் பெருங்குடலில் நொதித்து, நீரை இழுத்துக்கொண்டு வெளியேறும். அளவைக் கால்வாசி குறைத்தாலே இரண்டு நாளில் மலம் கட்டும். மண்டை, சிப்பிப்பாறை, கன்னி எனும் நாட்டு வேட்டை நாய் வகைக் குட்டிகளை வளர்ப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அவை ஒல்லி உடம்புக்காரர்கள், விலா எலும்பு லேசாகத் தெரிவது அவற்றுக்கு இயல்பு. “எலும்பு தெரியுதே” என்று ஊட்ட ஊட்ட அது கழிச்சலாகத்தான் போகும்.

இரண்டாவது பால். தாயை விட்டுப் பிரிந்த குட்டிக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி வாராவாரம் குறையும். பசும்பாலோ ஆட்டுப்பாலோ, தண்ணீர் கலந்தாலும், கணக்கு ஒன்றுதான். பாலை முழுக்க நிறுத்துங்கள். புளிக்காத கட்டித்தயிர் ஒரு தேக்கரண்டி வரை பெரும்பாலான குட்டிகள் தாங்கும். பால், பொறை, பிஸ்கட் மூன்றுமே நின்றால் வேறு எதுவும் செய்யாமலே பாதிக் குட்டிகள் தேறிவிடும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

மூன்றாவது, தீனி மாற்றம். வாங்கி வந்த இடத்தில் ஒன்றைத் தின்று, நம் வீட்டில் மறுநாளே வேறொன்றைத் தின்றால் குடல் பிடித்துக்கொள்ளாது. பழைய தீனியில் ஒரு பிடியாவது கேட்டு வாங்கி வாருங்கள். முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, அடுத்த இரண்டு நாள் முக்கால், ஏழாம் நாள் முழுதும். நடுவில் மலம் இளகினால் முந்தைய படிக்கு இறங்கி இரண்டு நாள் நில்லுங்கள்.

நாலாவது நம் சாப்பாடு. குழம்பு, மீன் ஆணம், சாம்பார் ஊற்றிய சோறு. காரமும் எண்ணெயும் அன்றைக்கே தெரிந்துவிடும். வெங்காயம் அப்படி இல்லை. நாயின் ரத்தச் சிவப்பணுவை அது உடைக்கும், விளைவு தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். உடம்பு எடை கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் போனாலே பாதிக்கும் என்பதால், 3 கிலோ குட்டியைக் கெடுக்க ஐந்தாறு சின்ன வெங்காயமே போதும். வெந்தாலும் இந்தக் குணம் போகாது. சிறுநீர் காப்பித் தண்ணி நிறத்தில் வந்தால் கழிச்சலை விட்டுவிட்டு அதைக் கவனியுங்கள், அது டாக்டர் வேலை.

இந்த நாலும் இல்லை என்றால் ஆற்றும் சாதம் மூன்று நாள். கூடவே வேகவைத்து மசித்த பரங்கிக்காய் வேளைக்கு ஒரு தேக்கரண்டி. அதன் நார் குடலில் உள்ள உபரி நீரைப் பிடித்துக்கொள்ளும்.

தண்ணியாகப் பீச்சுகிறது

இங்கே முதல் கவலை நீர்தான், சோறு அப்புறம். வாந்தி இல்லாத குட்டிக்கு ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் போட்ட அளவு நீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுதாகக் கரையுங்கள். கால் பாக்கெட், கால் லிட்டர் என்று கண்ணால் பிரித்தால் உப்பு ஏறி இறங்கும். முதல் ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி. நின்றால் அடுத்த ஐந்து மணி நேரத்தில் இன்னும் 100 மில்லி. ஊசி கழற்றிய சிரிஞ்சால் கன்னத்துப் பக்கமாக விடுங்கள், தொண்டைக்கு நேராகப் பீச்சாதீர்கள். 24 மணி நேரம் ஆனால் மீதியைக் கொட்டிவிடுங்கள். பொடி கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் குடிநீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி.

எந்த நீரில் கரைக்கிறீர்கள் என்பது இந்தக் கரையில் முக்கியம். கிணற்று உவர் நீரிலும் போர் நீரிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அதில் ஓ.ஆர்.எஸ். கரைத்தால் சரியான கரைசல் ஆகாது, கழிச்சல் கூடவும் செய்யும். காவிரிக் கூட்டுக் குடிநீரோ, விலைக்கு வாங்கும் குடத்து நீரோ, காய்ச்சி ஆறவைத்துக் கரையுங்கள். தினமும் குடிக்கும் தட்டிலும் அதையே ஊற்றுங்கள். உங்கள் வாய்க்குக் கரிக்கும் தண்ணீர் குட்டிக்கும் ஆகாது.

இளநீர் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கழிச்சலில் குட்டி இழப்பது சோடியத்தையும்தான். ஓ.ஆர்.எஸ்.ஸைக் குடிக்க அடம்பிடிக்கும் குட்டிக்கு ருசி காட்ட ஒரு மூடி கலக்கலாம், ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்றாக ஆகாது. பதநீர் வேண்டாம், சர்க்கரை கூடுதல்.

காரணம் தேடினால் இங்கே அடிக்கடி அகப்படுவது கடல்நீரும் கருவாடும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அலை ஓரம் விளையாடிய குட்டி ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி குடித்தால் 7 கிராம் உப்பு உள்ளே போகிறது. 3 கிலோ குட்டிக்கு அது கிலோவுக்கு 2 கிராமுக்கு மேல், நஞ்சின் அறிகுறி தொடங்கும் அளவு. கொஞ்சம் குடித்திருந்தால் சில மணி நேரத்தில் தண்ணியாகப் போய்த் தானாக நிற்கும், நல்ல நீர் மட்டும் போதும். நிறையக் குடித்து வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம் வந்தால் வலிப்பு தொடரலாம், உடனே கிளம்புங்கள். கருவாடும் அதே கணக்குதான். உப்பிட்டுக் காயவைத்ததில் பத்தில் ஒரு பங்கு உப்பு இருப்பது சாதாரணம். 60 கிராம் துண்டைக் கவ்விக்கொண்டு ஓடிய குட்டி 6 கிராம் உப்பைத் தின்றதாக அர்த்தம். உப்பு ஏறிய குட்டிக்குத் தாகம் பயங்கரமாக இருக்கும். வாளித் தண்ணீரை முன்னால் வைக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சில கரண்டியாகக் கொடுங்கள். உப்புக் கரைசலான ஓ.ஆர்.எஸ். இங்கே வேண்டாம்.

தண்ணிக் கழிச்சல் 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, 8 வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அரை நாளைத் தாண்டினாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். கழிச்சலை நிறுத்தும் மனுஷ மாத்திரை குடலைக் கட்டிப்போட்டு, வெளியேற வேண்டிய கிருமியை உள்ளேயே வைத்துவிடும். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைக் கண்டபடி கொடுத்தால் குடலின் நல்ல கிருமியும் சேர்ந்து சாகும், அடுத்த கழிச்சல் இன்னும் நீளும்.

கொழகொழவென்று சளி, கடைசியில் ஒரு சொட்டுச் சிவப்பு ரத்தம்

அடிக்கடி உட்காரும், கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், முக்கும். பெருங்குடல் புண்ணாகியிருக்கிறது. குட்டி தெம்பாக இருந்து ஒரே ஒரு முறை இப்படி வந்தால் தீனி ஒத்துக்கொள்ளாததாக இருக்கலாம், ஆற்றும் சாதத்துக்குப் போய் ஒரு நாள் பார்க்கலாம். இரண்டாம் நாளும் வந்தால் ஜியார்டியா, காக்சிடியா போன்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளைச் சந்தேகிக்க வேண்டும். ஜியார்டியாவில் மலம் நெய்ப்பசையோடு குமட்டும் நாற்றம் அடிக்கும். இவற்றுக்குப் பூச்சி மருந்து ஒரு டோஸ் போட்டால் போகாது, மலத்தைச் சோதித்துத்தான் மருந்து. குடிநீரைக் காய்ச்சுங்கள். மலத்தை விழுந்த உடனே அள்ளுங்கள், குட்டியின் பின்பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரோமத்தில் ஒட்டியதை நக்கி மறுபடி தொற்றிக்கொள்வதுதான் இது விடாமல் இழுப்பதற்குக் காரணம்.

ரத்தம் சொட்டாக இல்லாமல் தக்காளிச் சாறு மாதிரி கொட்டினால் பார்வோ எனும் வைரஸ் நோய் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். முதலில் சாப்பாடு மறுக்கும், பிறகு வாந்தி, பிறகு நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். “ஒரு ஊசி போட்டாச்சு” என்பது காப்பு ஆகாது. தரையைப் பினாயிலால் கழுவினால் இந்த வைரஸ் சாகும் என்று நம்ப முடியாது. வீட்டு பிளீச்சிங் திரவம் ஒரு பங்கு, நீர் 30 பங்கு, தரையை முதலில் சோப்பால் கழுவி, கரைசல் பத்து நிமிடம் ஊற வேண்டும். மணல் தரையில் இது வேலை செய்யாது. அந்த முற்றத்தில் தடுப்பூசி முடியாத அடுத்த குட்டியை ஒரு வருடம் விடாமல் இருப்பதே நல்லது.

கறுப்பாக, தார் போல

மேல் குடலில் கசிந்த ரத்தம் செரித்துக் கறுத்து வருகிறது. ஈறும் வெளுத்திருந்தால், மணல் முற்றத்தில் வளரும் குட்டிக்கு முதல் சந்தேகம் கொக்கிப்புழு. ஈரமும் சூடும் நிழலும் உள்ள மணல் அதன் இளம்புழுவுக்கு வாகான இடம். தோல் வழியாகவும் ஏறும், தாய்ப்பால் வழியாகவும் வரும். குடலில் கொக்கி மாட்டி ரத்தம் குடிக்கும். சின்னக் குட்டி சில நாளில் சோகை பிடித்துச் சாகலாம். இதற்கு எந்தச் சோறும் மருந்தில்லை. வெறுங்காலோடு அதே மணலில் விளையாடும் பிள்ளைகளின் காலிலும் இது நெளிந்து நெளிந்து சிவந்த கோடு போட்டு அரிக்கும். தினமும் மலம் அள்ளுவது குட்டிக்கு மட்டுமான வேலை அல்ல.

ஈரல், ரத்தப் பொரியல் தின்ற மறுநாளும் மலம் கறுக்கும். ஈறு சிவப்பாக இருந்தால் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

வயிறு பானை, முதுகெலும்பு குச்சி

உருண்டைப்புழு. மலத்திலோ வாந்தியிலோ நூடுல்ஸ் போல வெள்ளையாக வரும். தாயின் கருவிலேயே தொற்றுவதால் சுத்தமான வீட்டுக் குட்டிக்கும் உண்டு. பூச்சி மருந்து 2 வார வயதில் தொடங்கி 8 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. எடை பார்த்துத்தான் மருந்தின் அளவு. மருந்து கொடுத்த மறுநாள் மலம் இளகிப் புழு விழுவது எதிர்பார்த்ததுதான், அன்றைக்குத் தீனி மாற்ற வேண்டாம். ஆசனவாயைச் சுற்றி அரிசி போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு, தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. தெள்ளை ஒழிக்காமல் அதற்கு மட்டும் மாத்திரை போட்டால் அடுத்த மாதம் திரும்ப வரும்.

வாந்தி

எப்போது வருகிறது என்பதே பாதி விடை சொல்லும்.

விடிகாலையில் மஞ்சள் நுரை, பிறகு வழக்கம்போல் விளையாட்டு: இரவெல்லாம் காலியாக இருந்த வயிற்றில் பித்தம். ராத்திரி பத்து மணிக்கு ஒரு கைப்பிடி தீனி கொடுத்தால் நின்றுவிடும்.

தின்ற சில நிமிடத்தில் தின்றது அப்படியே, உருளையாக: அவசரமாக விழுங்குகிறது. இரண்டு குட்டிகள் ஒரே தட்டில் போட்டி போட்டால் இது நிச்சயம். தட்டைப் பிரியுங்கள், தட்டின் நடுவே விழுங்க முடியாத பெரிய கூழாங்கல் ஒன்றை வையுங்கள், உலர் தீனியை வெதுவெதுப்பான நீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்துப் போடுங்கள். அப்படியும் தினமும் வந்தால் உணவுக்குழாயைப் பார்க்க வேண்டும்.

ஒன்றிரண்டு முறை வாந்தி, குட்டி தெம்பு: 12 வாரத்துக்கு மேற்பட்டதென்றால் நாலு மணி நேரம் சோறு நிறுத்தி, கரண்டி கரண்டியாக நீர் மட்டும் கொடுங்கள். அதற்குக் குறைந்த வயது என்றால் இரண்டு மணி நேரம் போதும். பெரிய நாய்க்குச் சொல்லும் ஒரு நாள் பட்டினி குட்டிக்கு ஆகாது, சர்க்கரை இறங்கிவிடும். பிறகு ஆற்றும் சாதம் ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள்.

விடாத வாந்தி என்றால் கரையில் என்ன தின்றது என்று உடனே பாருங்கள். வலையிலிருந்து கழித்துப் போட்டவற்றில் பேத்தை மீன் இருக்கும். அதன் நஞ்சு காய்ந்தாலும் வெந்தாலும் போகாது. எச்சில் ஒழுகி, வாந்தியெடுத்து, பின்னங்கால் துவண்டு, மூச்சுத் தசை நிற்கும் வரை போகும். முறிமருந்து கிடையாது, மூச்சைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. ஆகவே அறிகுறிக்குக் காத்திராமல், தின்றதைக் கண்ட உடனே கிளம்ப வேண்டும். வாந்தி எடுக்க வைக்க உப்புக் கரைத்து ஊற்றும் வழக்கம் இங்கே உண்டு. அது இரண்டாவது நஞ்சு, செய்யாதீர்கள்.

தங்கூசி நரம்பும் (மீன்பிடி நைலான் நூல்) தூண்டில் முள்ளும் அடுத்தது. மீன் வாசம் ஊறிய நரம்பைக் குட்டி நூடுல்ஸாக விழுங்கும். வாயிலோ ஆசனவாயிலோ நுனி தொங்கினால் இழுக்கவே கூடாது. உள்ளே குடலைச் சுருக்கிக்கொண்டு கிடக்கும் நரம்பு, இழுத்தால் கத்திபோல் அறுத்துவிடும். தொங்குவதை அப்படியே விட்டு, சோறும் கொடுக்காமல், எக்ஸ்ரேயும் ஆபரேஷனும் செய்யும் இடமாகப் பார்த்துக் கொண்டுபோங்கள்.

வெயிலில் கிடந்த சூரை, கானாங்கெளுத்தி தின்றால் முகம் சிவந்து தடித்து வாந்தி வரலாம். அந்த மீன் கெடும்போது ஹிஸ்டமின் உண்டாகிறது, வேகவைத்தாலும் அது அழியாது. “நாய்க்குத்தானே” என்று கெட்ட மீனை அவித்துப் போடுவதில் லாபம் ஒன்றும் இல்லை.

முக்குகிறது, வரவில்லை

முதலில் உண்மையிலேயே மலச்சிக்கலா என்று பாருங்கள். கழிச்சல் முடிந்த குட்டியும் வெறும் குடலோடு முக்கும். வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டியாக உதிர்ந்தால் எலும்பு. ஆட்டெலும்பு, கோழியெலும்பு எல்லாவற்றையும் நிறுத்தி, சாதத்தை இன்னும் தளர்த்தி, பரங்கிக்காய் மசியல் வேளைக்கு இரண்டு தேக்கரண்டி. விளக்கெண்ணெய் வேண்டாம், குடலை முறுக்கிப் பிடிக்கும், புரையேறினால் நுரையீரலுக்கும் போகும்.

மணல் என்றால் கதை வேறு. கருவாடு காயவைத்த இடத்தில் மீன் நீர் இறங்கிய மணல் குட்டிக்கு ருசி, நக்கி நக்கித் தின்னும். மலத்தை ஒரு கப் நீரில் கரைத்து ஊற்றிப் பாருங்கள், அடியில் மணல் தங்கும். கொஞ்சம் என்றால் பரங்கியும் நிறைய நீரும் தள்ளிவிடும். வயிறு கனத்துத் தொங்கி, வாந்தியும் இருந்தால் குடல் அடைத்திருக்கலாம், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். சாப்பாட்டைத் தரையில் கொட்டாமல் சிமெண்டுத் திண்ணையில் தட்டில் வையுங்கள். கருவாடு காயும் நாட்களில் குட்டியைக் கட்டிப்போடுவதில் தவறில்லை.

தேறிய பிறகு, திரும்ப வராமல்

மலம் இரண்டு நாள் கட்டியாக வந்தால் பழைய தீனிக்குத் திரும்பலாம். மேலே சொன்ன கால், பாதி, முக்கால் கணக்கை இங்கே நாலைந்து நாளில் முடித்துக்கொள்ளலாம். கட்டியானதைக் கண்ட அன்றைக்கே முழுத் தீனிக்குத் தாவுகிற வீட்டில்தான் இரண்டாம் சுற்று வருகிறது.

பாக்கெட் தீனியைக் கடற்காற்று சீக்கிரம் பதம் பார்க்கும். சாக்கில் திறந்து வைத்து எடைபோட்டு விற்கும் தீனியில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்திருக்கலாம், அதன் நஞ்சு ஈரலைத் தாக்கும். சின்ன பாக்கெட்டாக வாங்கி, கவரோடு மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வைத்து, திறந்த ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். காறல் எண்ணெய் வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில், விசைப்படகு கரையேறி மீன் குறையும்போது குட்டியின் தட்டும் மாறும். மீனும் சோறும் பழகிய குட்டிக்குத் திடீரென்று கருவாட்டுச் சோறு விழும். ஏப்ரல் தொடக்கத்திலேயே முட்டையோ கோழியோ கால் பங்காகக் கலக்கத் தொடங்குங்கள். மறுபடி மீன் வரும் ஜூனிலும் அதே நிதானம் வேண்டும். மீன் கொடுப்பதென்றால் எப்போதும் வேகவைத்தே கொடுங்கள். சாளை இன மீன்களைப் பச்சையாகப் போட்டுக்கொண்டே இருந்தால் அவற்றில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழிக்கும், வெந்தால் அந்த நொதி செத்துவிடும்.

டாக்டரிடம் மலம் கொண்டுபோவதென்றால் மணலோடு அள்ளாதீர்கள். மண்ணில் தானாக வாழும் புழுவும் கூடவே வந்து சோதனையைக் குழப்பும். காலையில் குட்டியைச் சிமெண்டுத் தரையிலோ பழைய பேப்பரிலோ விட்டு, விழுந்ததில் நெல்லிக்காய் அளவு எடுத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. வெக்கையில் கொக்கிப்புழு முட்டை சீக்கிரம் பொரிந்து, பார்ப்பவருக்கு அடையாளம் தெரியாமல் போகும். தாமதமானால் டப்பாவைக் கவரில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. ஜியார்டியா சந்தேகம் என்றால் ஒரு நாள் மலத்தில் தெரியாதது மறுமுறை தெரியும், ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை எடுத்துக் கொடுங்கள். டப்பாவின் மேல் தேதி, குட்டியின் வயது, எடை, கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த நாள், முந்தைய மூன்று நாளில் வாய்க்குள் போனது எல்லாம் எழுதி ஒட்டிவிடுங்கள்.